அப்பாவின் கல்லாவில் இருந்த 786 நோட்டுகளும், காரணம் புரியாத பதினோரு நோட்டுகளும்

கேள்வி: மளிகைக்கடை_மகள்

வணக்கம். நோட்டு சேகரிப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். திண்டுக்கல் பக்கம் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார், முப்பத்தாறு வருடம் ஒரே கடை, ஒரே கல்லா. போன ஐப்பசியில் தவறிவிட்டார். இப்போது கடையை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். கல்லாவைத் துடைக்கும்போது கீழ் அறையில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது, அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டுகள். அப்பா வியாபாரத்தின் நடுவிலேயே சில நோட்டுகளைத் தனியாக எடுத்து வைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

உள்ளே இருப்பது இவ்வளவு: நம்பரில் எங்காவது 786 வருகிற நோட்டுகள் 31, பெரும்பாலும் பத்து ரூபாய். அதில் ஒன்று 5 ரூபாய் டிராக்டர் நோட்டு. 345543 என்று ஒரு இருபது ரூபாய். நம்பருக்கு நடுவே நட்சத்திரக் குறி போட்ட ஐம்பது ரூபாய் மூன்று. பழைய ஒரு ரூபாய் நோட்டு ஏழெட்டு. செல்லாமல் போன பழைய 500 ரூபாய் நான்கு (இதை வைத்திருந்தால் தப்பா என்று பயமாக இருக்கிறது). இவை போக இன்னொரு கட்டில் பதினோரு நோட்டுகள். அவற்றில் எனக்கு எந்த விசேஷமும் தெரியவில்லை. 827140, 271438, 902714 என்றுதான் இருக்கின்றன, மற்றவையும் இப்படித்தான். கசங்கியவை, ஒன்றில் மஞ்சள் கறை வேறு. ஆனால் அந்தக் கட்டைத்தான் மெழுகுத்தாளில் சுற்றி எல்லாவற்றுக்கும் அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

786 நோட்டு ஒவ்வொன்றும் மூன்று லட்சம் வரை போகும் என்று தம்பி ஒரு விளம்பரத்தைக் காட்டுகிறான். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாயும் ஆதார் நகலும் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? உண்மையில் இவற்றுக்கு மதிப்பு உண்டா? எப்படிப் பாதுகாப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: ஆறாம்_இலக்கம்

முதலில் அந்த 2,500 ரூபாயை அனுப்பாதீர்கள். ஆதாரையும் அனுப்பாதீர்கள். விவரம் அப்புறம் சொல்கிறேன், தம்பியிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

நான் பதினெட்டு வருடமாக ஃபேன்ஸி நம்பர் நோட்டுகள் சேர்க்கிறேன். இதில் நுழைகிற எல்லோருக்கும் நான் சொல்வது, விலையைக் கேட்பதற்கு முன்னால் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்பதுதான். நம் நோட்டில் முதலில் எழுத்தும் எண்ணும் கலந்து மூன்று குறி கொண்ட முன்னொட்டு, அதன் பிறகு ஆறு இலக்கம். ஒவ்வொரு முன்னொட்டுக்கும் 000001-இல் தொடங்கி பத்து லட்சம் நோட்டு. கடைசி நோட்டில் மட்டும் 1000000 என்று ஏழு இலக்கம் அச்சாகும், அதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு.

இப்போது 786-க்கு வருவோம். ஆறு இலக்கத்தில் 786 நான்கு இடங்களில் உட்காரலாம், ஒவ்வொரு இடத்துக்கும் ஆயிரம் நோட்டு. 786786 என்பது இரண்டு முறை எண்ணப்படுவதால் ஒன்றைக் கழித்தால் 3,999. அதாவது 250 நோட்டுக்கு ஒன்று. மளிகைக்கடைக் கல்லாவில் ஒரு நல்ல நாளில் 250 நோட்டு புரளாதா? உங்கள் அப்பா நினைத்திருந்தால் வாரத்துக்கு நாலைந்து சேர்த்திருக்கலாம், 31 மட்டும் வைத்திருக்கிறார் என்றால் பிடித்ததை மட்டும் எடுத்திருக்கிறார். பிஸ்மில்லாவின் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் வரும் தொகை என்பதால் அந்த எண்ணைப் பக்தியோடு வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. சலவை நோட்டாக இருந்து கடைசி மூன்று இலக்கம் 786 என்று முடிந்தால் ஆயிரத்துக்கு ஒன்று, அதற்கு முகமதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்கள். நான் ஒரு கண்காட்சியில் அப்படி ஒரு பத்து ரூபாயை 150 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். 000786 அல்லது 786786 என்றால் கதையே வேறு, ஒரு முன்னொட்டில் ஒன்றே ஒன்று. நடுவில் 786 வருகிற, மடித்துப் பழசான நோட்டுக்கு மூன்று லட்சம் தருகிறேன் என்பவர் நோட்டை வாங்க வரவில்லை.

உங்கள் 345543 எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முன்னால் படித்தாலும் பின்னால் படித்தாலும் ஒன்றே, விகடகவி மாதிரி. அதிலும் 3, 4, 5 என்று ஏறி 5, 4, 3 என்று இறங்குகிறது. விகடகவி எண்களில் ஒரு அழகு உண்டு: 345001 முதல் 346000 வரை ஒரு பண்டல் எடுத்தால் அதில் ஒரே ஒரு நோட்டுதான் இப்படி வரும், எந்தப் பண்டலை எடுத்தாலும் இதே கணக்கு (முன்னொட்டின் முதல் பண்டல் மட்டும் விலக்கு). ஆக ஆயிரத்துக்கு ஒன்று. ஆனால் இப்படி ஏறி இறங்குவது மிகச் சில. ஆறும் ஒரே இலக்கமாக வருவது, 111111-இலிருந்து 999999 வரை, பத்து லட்சத்துக்கு ஒன்பதுதான். பதினெட்டு வருடத்தில் கைக்குத் தானாக வந்தது எனக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வாங்கியவைதான்.

எந்த இலக்கமும் திரும்ப வராத எண் அபூர்வம் என்று சிலர் விற்கிறார்கள். அது 1,51,200 உண்டு. ஏழு நோட்டைக் கையில் எடுத்தால் ஒன்று அப்படி இருக்கும்.

வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். நான் ஆரம்பத்தில் 777777 என்று ஒரு ஐம்பது ரூபாய் நோட்டைப் பெரிய தொகை கொடுத்து வாங்கினேன். ஒரு வருடம் கழித்து நண்பர் ஒருவர் வீட்டில் புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்த்தோம். நம்பர் அச்சாகும் மை அந்த விளக்கில் ஒளிரும். ஆறு இலக்கத்தில் நான்கு முழுதாக ஒளிர்ந்தன. மூன்றாவதும் ஐந்தாவதும் மட்டும் செங்குத்துக் கோடு ஒளிர்கிறது, மேலே இருக்கும் படுக்கைக் கோடு இருட்டாகக் கிடக்கிறது. அது 771717. யாரோ 1-க்குத் தலை வைத்து 7 ஆக்கியிருக்கிறார்கள். நோட்டின் இரண்டு மூலையிலும் அதே நேர்த்தியோடு செய்திருந்தார்கள். அன்றிலிருந்து கையில் சின்ன விளக்கு இல்லாமல் நான் எந்த நோட்டும் வாங்குவதில்லை. 2015-க்குப் பிறகு வந்த நோட்டுகளில் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போவதால் திருத்துவது கொஞ்சம் கடினம், ஆனாலும் விளக்கு வேண்டும்.

கடைசியாக அந்தப் பதினோரு நோட்டு. நீங்கள் எழுதிய மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்:

827140
271438
902714

மூன்றிலும் 2714 இருக்கிறது. மற்ற எட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தற்செயலாக நடக்கிற காரியமே இல்லை. நான்கு இலக்கம் ஒன்று ஆறு இலக்கத்துக்குள் வருவது பத்து லட்சத்துக்கு 300 முறை, மூவாயிரத்துச் சொச்சம் நோட்டுக்கு ஒன்று. பதினோரு நோட்டு சேர்க்க அவர் எவ்வளவு நோட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். 2714 உங்கள் வீட்டில் என்ன?


பதில் 2: பழைய_கேஷியர்

அம்மா, நான் வங்கியில் முப்பத்திரண்டு வருடம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன், இப்போது ஓய்வு. ஆறாம்_இலக்கம் தம்பி கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டார். மற்ற கேள்விகளுக்கு நான் சொல்கிறேன்.

பழைய 500 பற்றிப் பயப்படாதீர்கள். 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவித்த 500, 1000 நோட்டுகளுக்காக 2017-இல் தனிச் சட்டமே வந்தது. யாராக இருந்தாலும் இரண்டு மதிப்பும் சேர்த்துப் பத்து நோட்டு வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ நாணயவியல் சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை. அதற்கு மேல் போனால் பத்தாயிரம் ரூபாய், அல்லது நோட்டுகளின் மதிப்பைப்போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அதுவரை அபராதம். உங்களிடம் இருப்பது நான்குதான், நிம்மதியாக இருங்கள். யாராவது பழைய 500 கட்டுக்கட்டாக வாங்கித் தருகிறேன் என்று வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

நட்சத்திர நோட்டுக்கு வருகிறேன். நோட்டு அச்சடிக்கும்போது சில தாள் பழுதாகிவிடும். ஒரு பாக்கெட்டில் நூறு நோட்டும் வரிசையாக இருக்க வேண்டும் என்றால் பழுதான நோட்டின் அதே நம்பரை மறுபடி அச்சடித்துச் செருக வேண்டும், பெரிய வேலை. அதனால் 2006-இல் ரிசர்வ் வங்கி 10, 20, 50 ரூபாயில் நட்சத்திர வரிசையைக் கொண்டுவந்தது. முன்னொட்டுக்கும் எண்ணுக்கும் நடுவில் நட்சத்திரம் போட்ட தனி நோட்டு, பழுதானதற்குப் பதில் செருகுவதற்கு. இந்தப் பாக்கெட்டில் நட்சத்திர நோட்டு இருக்கிறது என்று சுற்றியிருக்கும் பட்டைத் தாளிலேயே போட்டிருக்கும். பிறகு மற்ற மதிப்புகளுக்கும் வந்தது. 2023-இல் நட்சத்திர நோட்டு எல்லாம் கள்ள நோட்டு என்று ஒரு புரளி கிளம்பி, எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரே வாங்க மறுத்தார். அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுத்தது, மற்ற நோட்டு மாதிரி அதுவும் செல்லும் என்று. சேகரிப்பவர்கள் விரும்புவார்கள், ஆனால் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு ரூபாய் நோட்டுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதை ரிசர்வ் வங்கி வெளியிடுவதில்லை, இந்திய அரசு வெளியிடுவது. அதனால் கவர்னர் கையெழுத்து இருக்காது, நிதித் துறைச் செயலாளர் கையெழுத்துதான். அதில் மன்மோகன் சிங் கையெழுத்து இருந்தால் எடுத்து வையுங்கள். எஸ். வெங்கிடரமணன் கையெழுத்தும் இருக்கலாம், நம் நாகர்கோவிலில் பிறந்தவர். இவர்கள் இருவரும் பிற்பாடு ரிசர்வ் வங்கி கவர்னராகவும் வந்தவர்கள், ஆகவே ஒரு ரூபாயிலும் மற்ற நோட்டிலும் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள். நான் இந்த ஜோடிகளைத்தான் சேர்க்கிறேன், நம்பர் எனக்கு அப்புறம்தான். ஒரு கவர்னரின் கையெழுத்து மாறுவதை வைத்தே நாட்டின் கதையைப் பேரனுக்குச் சொல்லலாம்.

நோட்டின் பின்பக்கம் வருடம் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது 2005-க்கு முந்தையது. இடது ஓரத்தில் ஊசித்துளை இரண்டு இருந்தால் கவலை வேண்டாம், அந்தக் காலத்தில் பாக்கெட்டுக்குத் தடித்த கம்பிப் பின் அடிப்போம், பிரிக்கும்போது எங்கள் நகம் பெயரும். 2001-இல் ரிசர்வ் வங்கி பின் அடிப்பதை நிறுத்தச் சொன்னது. பழைய நோட்டில் துளை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.


பதில் 3: வடக்குவீதி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி விளம்பரத்துக்கு நான் பணம் அனுப்பியிருக்கிறேன். டிராக்டர் நோட்டு, 786, சரியாக உங்கள் தம்பி காட்டியது போலவே. முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து ஜி.எஸ்.டி., அடுத்து "தொகை தயாராக இருக்கிறது, ரிசர்வ் வங்கி ஒப்புதலுக்கு ஒரு சதவீதம்" என்று ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் ஒன்று வாட்ஸ்அப்பில். மொத்தம் 18,400 ரூபாய் போனது. மனைவியின் சீட்டுப் பணம் அது. இன்றும் அந்தத் தொகையை நினைத்தால் வயிறு எரிகிறது.

ரிசர்வ் வங்கி இந்த மாதிரி வேலையில் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அறிவிப்பு விட்டிருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. நோட்டு வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பணம் கேட்க மாட்டார். தம்பிக்கு இதைக் காட்டுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள், தாமதிக்கக் கூடாது.


பதில் 4: தேதிநோட்டு

ஆறாம்_இலக்கம் அண்ணா அந்த 2714-ஐக் கண்டுபிடித்ததைப் படித்ததும் புல்லரித்துவிட்டது. நானும் இதே வகைதான். எனக்கு 777777 வேண்டாம், தேதி வேண்டும். நாள், மாதம், வருடம் இரண்டிரண்டு இலக்கமாக எழுதினால் ஆறு இலக்கம் சரியாக வரும். 150847 என்றால் சொல்லவே வேண்டாம். நூறு வருடத்தில் 36,525 நாள், ஆகவே பத்து லட்சத்தில் அத்தனை நோட்டு யாரோ ஒருவருடைய பிறந்தநாள். கிட்டத்தட்ட இருபத்தேழு நோட்டுக்கு ஒன்று. ஆனால் எனக்கு வேண்டிய ஒரு குறிப்பிட்ட தேதி என்றால் முன்னொட்டுக்கு ஒன்றுதான். எங்கள் கல்யாண நாளுக்கு ஆறு வருடம் தேடினேன், கடைசியில் ஒரு வியாபாரி பத்து ரூபாய் நோட்டில் எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் பிறந்த தேதி இன்னும் கிடைக்கவில்லை, அவர் பிறந்த வருடம் 61, தேடிக்கொண்டே இருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன் அக்கா. முதல் வேலையாக அந்த ரப்பர் பேண்டுகளைக் கழற்றுங்கள். ஆனால் இழுக்காதீர்கள். பழைய ரப்பர் வெயில் காலத்தில் இளகி நோட்டோடு ஒட்டிப் பிடித்திருக்கும், இழுத்தால் அச்சும் சேர்ந்து வரும். கத்தரியால் ரப்பரை மட்டும் வெட்டி, தானாக உதிர்வதை உதிரவிட்டு, ஒட்டிய துண்டை நகத்தால் சுரண்டாமல் அப்படியே விடுங்கள். நோட்டுத் தாள் பருத்தியில் செய்தது, அதனால் துணி மாதிரி துவைக்கலாம், இஸ்திரி போடலாம் என்று சிலர் செய்கிறார்கள். செய்யவே கூடாது. சேகரிப்பவர் கையில் எடுத்த நொடியே தெரிந்துவிடும், மொடமொடப்பு போய்த் தாள் தொய்ந்துவிடும். லேமினேஷனும் வேண்டாம், அதோடு நோட்டின் கதை முடிந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள், கடையில் கேட்கும்போது பி.வி.சி. இல்லாத உறை என்று சொல்லிக் கேளுங்கள், பி.வி.சி. சில வருடத்தில் பிசுபிசுத்து நோட்டில் இறங்கும். மெழுகுத்தாளில் அப்பா சுற்றிவைத்தது அவர் காலத்துக்கு நல்ல யோசனை, இனி வேண்டாம். அந்த மஞ்சள் கறையையும் துடைக்காதீர்கள்.


கேள்வி கேட்டவர்: மளிகைக்கடை_மகள்

எல்லோருக்கும் நன்றி. தம்பி பணம் அனுப்பவில்லை. வடக்குவீதி அண்ணன் எழுதியதை அவனே இரண்டு தடவை படித்துவிட்டு அந்த விளம்பரக்காரர் எண்ணை அழித்துவிட்டான்.

பதினோரு நோட்டையும் நேற்று இரவு கடை சாத்திய பிறகு தரையில் பரப்பி வைத்தேன். ஆறாம்_இலக்கம் சார், பதினொன்றிலும் 2714 இருக்கிறது. ஐந்தில் கடைசியில், நான்கில் நடுவில், இரண்டில் முதலில். இரண்டு ரூபாய் ஒன்று, ஐந்து ரூபாய் ஒன்று, பத்து ஐந்து, இருபது ஒன்று, ஐம்பது இரண்டு, நூறு ஒன்று. எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. கடை உரிமமா, பழைய போன் நம்பரா, ரேஷன் கார்டா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி நம்பர் இல்ல அது" என்றார்.

அப்பாவின் முதல் வண்டி, டி.வி.எஸ். 50. கடை ஆரம்பித்த புதிதில் மொத்த வியாபாரிகளிடமிருந்து அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் அதில்தான் வரும். முன்னால் நான் நிற்பேன், பின்னால் மூட்டை. எனக்கு எட்டு வயதில் என் பள்ளிக் கட்டணத்துக்கும் தாத்தா வைத்தியத்துக்கும் சேர்ந்து பணம் நெருக்கியபோது அதை விற்றுவிட்டார். பிறகு வேறு வண்டி வந்தது, ஆனால் அந்த வண்டியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த நம்பரை நானே மறந்துவிட்டேன். அவர் ஒவ்வொரு நோட்டாக வாங்கிக் கல்லாவில் போடும்போது அதைத் தேடியிருக்கிறார்.

அந்த மஞ்சள் கறை என்ன என்றும் அம்மா சொன்னார். மஞ்சள் தூள். நிறுத்துப் போட்ட கையோடு எடுத்திருக்கிறார்.

786 நோட்டுகளில் கடைசியில் 786 முடிகிறது ஏழு, அவற்றில் இரண்டு மடிப்பே இல்லாமல் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்கிறேன். மீதியை எங்கள் கடைக்கு வரும் பாய் ஒருவருக்குக் கேட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், அப்பாவும் அவரும் நாற்பது வருடப் பழக்கம், முகமதிப்புக்கே. ஒரு ரூபாய் நோட்டுகளில் இரண்டில் வெங்கிடரமணன் கையெழுத்து இருக்கிறது, கேஷியர் ஐயா. ஆங்கிலத்தில் படித்தேன், உறுதியாகத் தெரிய ஒரு படம் போடுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். 500 ரூபாயிலும் 200 ரூபாயிலும் அப்பாவுக்கு 2714 கிடைக்கவில்லை. அதை நான் எப்படித் தேடுவது? கல்லாவுக்கு வருகிறதை மட்டும் பார்த்தால் 500-இல் எப்போது கிடைக்கும்?


பதில் 5: பழைய_கேஷியர்

படம் பார்த்தேன் அம்மா, வெங்கிடரமணன்தான், சந்தேகமே இல்லை. அதோடு இரண்டும் அடுத்தடுத்த எண்கள்.

தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நாங்கள் பாக்கெட் பிரிக்கும்போது முதல் நோட்டு எப்போதும் 01-இல் முடியும், கடைசி நோட்டு 00-இல். புதுப் பாக்கெட்டின் முதல் நோட்டில் கடைசி நான்கு இலக்கம் 2701 என்று இருந்தால் அதே பாக்கெட்டில் 2714 கட்டாயம் இருக்கும் (நட்சத்திர நோட்டு செருகிய பாக்கெட்டாக இல்லாதவரை). மேலிருந்து எண்ணினால் பதினான்காவது நோட்டு. நூறு பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட் அப்படி வரும். பத்துப் பத்துப் பாக்கெட்டாகச் சேர்த்த பண்டல் என்றால் பத்தில் ஒரு பண்டலில் இருக்கும்.

நீங்கள் பணம் கட்டுகிற கிளையில் கேஷியரிடம் ஒருநாள் கூட்டமில்லாத நேரம் பார்த்துச் சொல்லி வையுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். காலையில் கேஷ் பிரிக்கும்போது கண்ணில் பட்டால் எடுத்து வைப்பார், நீங்கள் 500 ரூபாயைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நானாக இருந்தால் எடுத்து வைத்திருப்பேன். இருபது வருடம் ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு 108-இல் முடிகிற பத்து ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன், அவர் வருடா வருடம் பழனி உண்டியலில் போடுவார்.


ஆறாம்_இலக்கம்

ஐயா சொன்னதைப் படித்ததும் என் பெட்டியைத் திறந்தேன். 200 ரூபாயில் என்னிடம் உடைக்காத பாக்கெட் எதுவும் இல்லை. இருபது ரூபாயில் இருக்கிறது, ஆனால் 4401-இல் தொடங்குகிறது. அடுத்த மாதம் மதுரையில் சேகரிப்பாளர்கள் கூடும்போது எல்லோரிடமும் கேட்கிறேன். எண்ணைப் பலகையில் எழுதியே வைக்கிறேன்.


மளிகைக்கடை_மகள்

2701, பதினான்காவது நோட்டு. கல்லாவின் உள்பக்க மூடியில் பென்சிலால் எழுதி ஒட்டிவிட்டேன். தம்பி காலையிலிருந்து ஒவ்வொரு 500-ஐயும் வெளிச்சத்தில் பார்த்துத்தான் உள்ளே போடுகிறான், வாடிக்கையாளர்கள் கள்ள நோட்டுச் சந்தேகமா என்று கேட்கிறார்கள், அவன் வண்டிக் கதையைச் சொல்கிறான்.